ஆசிட்டா, மெஷினா, எபாக்சியா? உப்புத் தண்ணி வீட்டு டைல்ஸுக்கு எதில் காசு போடலாம்

"ஏம்மா, ஊக்கு ஒண்ணு இருந்தா குடு" என்றார் டைல்ஸ் போடும் அண்ணன். தாலிச் சரட்டில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். கீழ் பாத்ரூம் தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் ஊக்கு முனையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். காய்ந்த அரிசி மாவு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. "இத எதுக்கும்மா காசு குடுத்துக் கழுவப் போற? கழுவுறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்ல?"

அதுவரை என் கையில் இருந்த காகிதத்தில் மூன்று விலைகள் இருந்தன. ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கொடுக்கிற ஆள், பாத்ரூமுக்கு 500 ரூபாய். மெஷினோடு வந்து சுத்தம் செய்யும் கம்பெனி, 1,800. டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கும் பழைய பூச்சான கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்சி என்ற பிசின் கலவையை அடைக்க, தரைக்கும் சுவரில் கீழ் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 6,500. எங்களுக்குச் சொன்ன விலை இது. உங்கள் தெருவில் கூடலாம், குறையலாம். ஒரே வேலைக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள், பேரம் பேசி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஊக்கு இழுத்த பிறகுதான் தெரிந்தது, இது ஒரு வேலையே இல்லை, மூன்று தனித்தனி வேலை.

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். அக்கா இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில், அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு இடத்திலும் புழக்கத்துக்கு போர் தண்ணிதான். பக்கெட்டுக்குள் வெள்ளை வளையம், ஹீட்டர் காயிலில் அப்பளம் அப்பளமாகச் சுண்ணாம்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு, வேகாத துவரம்பருப்பு: இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துப் பார்த்ததில் எங்கள் போரின் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்புக் கணக்கில் சொல்லும் அளவு, லிட்டருக்கு 540 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஏற்றுக்கொள்வது 200 வரை; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. ஆக, "குடிக்கலாம்" என்று அனுமதித்த தண்ணீர்தான் டைல்ஸை இந்தப் பாடு படுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டேன். வீட்டில் நாலு பேர். ஒவ்வொருவர் குளித்த பிறகும் தரையிலும் சுவரிலுமாகக் கால் லிட்டர் தண்ணி தங்கிக் காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் அரை கிராம் சுண்ணாம்பு. வருஷத்துக்கு 180 கிராமுக்கு மேல். ஒன்றரை சோப்புக் கட்டி எடைக்குச் சுண்ணாம்பைக் கையில் எடுத்துத் தரையில் பூசினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாம் தவணை முறையில் செய்துகொண்டிருக்கிறோம்.

கறை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒட்டியிருப்பது ஒன்றல்ல. வெள்ளையாகச் சொரசொரவென்று இருப்பது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வருவது, சோப்பும் கடினநீரும் சேர்ந்து உண்டான பிசுக்கு. இடுக்கில் கறுப்பாகப் புள்ளி விடுவது பூஞ்சணம். குழாய்க்கு நேர் கீழே செம்பழுப்பாகக் கோடு இறங்கினால் தண்ணியில் இரும்பு இருக்கிறது. இவை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மேலே சோப்புப் பிசுக்கு மூடியிருக்கும்போது எந்த அமிலத்தைக் கொட்டினாலும் அது உள்ளே இருக்கும் சுண்ணாம்பைச் சரியாகத் தொடாது. முதலில் பிசுக்கை எடுக்கிற டிடர்ஜென்ட் நீர், பிறகுதான் அமிலம். வரிசை மாறினால் வேலை பாதிதான் நடக்கும். துருக்கறைக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டால் இரும்பு இன்னும் ஆக்சிஜனேற்றம் ஆகிக் கறை கெட்டிப்படும். அதற்கு ஆக்சாலிக் அமிலம்தான் வழி.

சந்தேகம் இருந்தால் எலுமிச்சம்பழம் போதும். வெள்ளைக் கறை மேல் நாலு சொட்டு விட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் சன்னமாகச் சுர்ரென்று கேட்கும், பொடிப் பொடியாக நுரை வரும். வந்தால் அது சுண்ணாம்பு, அமிலத்துக்கு அசையும். நுரையே வராவிட்டால் கறை வேறு வகை, இல்லையேல் டைல்ஸின் பளபளப்பே போய்விட்டது என்று அர்த்தம். பளபளப்பு போனதை எந்தக் கம்பெனியும் கழுவிக் கொண்டுவர முடியாது. இதே எலுமிச்சையைக் கல்லிலும் சோதித்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில். கடப்பா கல், மார்பிள், மொசைக் இவை எல்லாவற்றிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது, கல்லே நுரைக்கும். எங்கள் அடுப்படிக் கடப்பா கல்லில் பாதி எலுமிச்சையை ராத்திரி கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், காலையில் பார்த்தால் வட்டமாக ஒரு வெளிறிய தழும்பு. ஆறு வருஷமாக அங்கேயே இருக்கிறது. புதுச்சேரிப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடி கல்லும் வைத்திருப்பவர்கள் அமிலம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இரண்டுமே சிமெண்ட்.

இப்போது அந்த 500 ரூபாய் ஆசிட். ஊற்றிய பத்தாவது நொடியில் நுரை பொங்கி, ஐந்தாவது நிமிஷத்தில் தரை புதுசு மாதிரி ஆகிவிடும். அந்த மயக்கத்தில்தான் நானும் எட்டு வருஷம் மாசா மாசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்குச் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கத் தெரியும். ஆனால் கறைக்கும் கிரவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சாதாரண கிரவுட் என்பது சிமெண்ட். அதிலும் கால்சியம்தான். மேலே இருப்பதைத் தின்றுவிட்டு அதே பசியோடு கீழே இறங்கும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த இடுக்கு அன்றைக்கு ஒரு தோல் உரிந்த இடுக்கு. உரிந்த இடம் இன்னும் சொரசொரப்பாகி, அடுத்த மாச அழுக்கை முன்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும். உடனே இன்னொரு பாட்டில். முடிவில் ஊக்குக்கு உதிரும் மாவு.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். நம் ஊரில் இது புத்தகத்து எச்சரிக்கை இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து தண்ணி வடிந்த பிறகு எல்லார் வீட்டிலும் ப்ளீச்சிங் பவுடர் தூவிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் சேறு போகட்டும் என்று ஆசிட் பாட்டிலைத் திறந்திருந்தால்? ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அதுபோகக் குரோம் பூசிய குழாய், தரைச் சல்லடை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் ஆசிட் ஆவியிலேயே கறுத்துப் புள்ளி விடும்.

அத்தை சொல்வார்கள், "அந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா, தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சோம்" என்று. தேங்காய் நார் உண்மையிலேயே நல்லது. இரும்பு நாரைவிட ஆயிரம் மடங்கு. இரும்பு நாரின் துணுக்கு இடுக்கில் மாட்டித் துருப்பிடித்து, இல்லாத கறையைப் புதிதாக உண்டாக்கும்.

கையால் செய்ய விரும்பினால் சிட்ரிக் ஆசிட் தூள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம். முதலில் தரையை வெறும் தண்ணியால் நன்றாக நனைத்துவிடுங்கள். இடுக்கு தண்ணியைக் குடித்து முடித்திருந்தால் அமிலத்தைக் குடிக்காது. பிறகு கரைசலைத் தெளித்து, கறை கெட்டியாக இருக்கும் இடத்தில் பழைய பருத்தித் துணியை அதில் முக்கிப் போர்த்தி, 15 நிமிஷம் கழித்து நைலான் பிரஷ். நிறையத் தண்ணி விட்டு அலசிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊற விட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மெதுவாகத் தின்கிற அமிலமும் தின்கிற அமிலம்தான். வினிகரும் இதே வேலையைச் செய்யும், இன்னும் சோம்பலாக. வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றும் வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை: அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துக்கொள்கின்றன, நுரை பார்க்க அழகாக இருக்கிறது, மிஞ்சுவது உப்புத் தண்ணி. அதுதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே.

அக்கா வீட்டில் நிலைமை வேறு. 2017-இல் கட்டியது. இடுக்கு 3 மில்லிமீட்டர் அகலம், முறையான கிரவுட். ஆசிட் வாடையே ஆகாது என்று அவள் ஒரு நாளும் ஊற்றவில்லை. அதனால் சுவர் முழுக்கத் திருநீறு பூசியது போல வெள்ளை. ஆனால் ஊக்கு இழுத்துப் பார்த்தால் கோடு கூட விழவில்லை. மெஷின் கம்பெனிக்குக் காசு கொடுப்பது என்றால் இந்த மாதிரி வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். கெட்டியான கிரவுட், மேலே மட்டும் படிவு.

கூப்பிடுவதற்கு முன் அக்கா போனில் நாலு கேள்வி கேட்டாள். முதல் கம்பெனி, "என்ன கெமிக்கல் போடுவீங்க?" என்ற முதல் கேள்விக்கே "அது ஃபாரின் கெமிக்கல் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றது. அத்தோடு முடிந்தது. இரண்டாவது இடத்தில் பேசியவர் சல்ஃபாமிக் அமிலம் கலந்த டீஸ்கேலர் (சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும் மருந்து) என்று பெயரைச் சொன்னார், கேனில் இருக்கும் லேபிளையும் படம் எடுத்து அனுப்பினார். சல்ஃபாமிக், பாஸ்பாரிக், சிட்ரிக் என்று எது சொன்னாலும் பேசலாம். லேபிளில் ஹைட்ரோகுளோரிக் இருந்தால் 500 ரூபாய் ஆளையே கூப்பிட்டிருக்கலாம். ஃபுளோரைடு என்று இருந்தால் கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்புங்கள். அது கண்ணாடியையும் டைல்ஸின் பளபளப்பையும் சேர்த்து அரிக்கும், தோலில் பட்டால் தாமதமாக வலித்து ஆழமாகப் புண்ணாக்கும். இரண்டாவது கேள்வி, முதலில் தண்ணியால் நனைப்பீர்களா. மூன்றாவது, அழுக்குத் தண்ணியை வேக்குவமால் உறிஞ்சி எடுப்பீர்களா, தள்ளிவிடுவீர்களா. இது முக்கியம். பிரஷ் சுற்றிக் கிளப்பிய சுண்ணாம்பும் அமிலமும் கலந்த சேற்றை அப்படியே காய விட்டால் அத்தனையும் திரும்ப இடுக்கில்தான் உட்காரும். நாலாவது, ஒரு சதுர அடி மட்டும் முதலில் செய்து காட்டுவீர்களா.

வந்தவர்கள் இரண்டு பையன்கள். இரண்டு பாத்ரூமுக்கு ஐந்து மணி நேரம். பிசுக்கு எடுக்கும் டிடர்ஜென்ட் நீர், கையில் பிடிக்கும் சுழல் பிரஷ், அலசல், அமிலம், மறுபடி பிரஷ், உறிஞ்சல், கடைசியில் சோடா கரைத்த தண்ணியால் ஒரு கழுவல். உறிஞ்சிய டிரம்மைத் திறந்து காட்டினார்கள். நீர்மோர் மாதிரி இருந்தது. நான் நேரில் நின்று பார்த்ததில் மெஷினைவிட அந்த வரிசையில்தான் சரக்கு இருந்தது. ஸ்டீம் போடட்டுமா என்று கூடுதலாக ஒரு தொகை சொன்னார்கள். நீராவி பூஞ்சணத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், சுண்ணாம்பை அசைக்காது. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

சீலர் அடிப்பதற்குத் தனிக் காசு. கிரவுட் தண்ணி குடிக்காமல் இருக்க உள்ளே ஊறும் பூச்சு அது. அடித்தால் நல்லதுதான். ஆனால் இடுக்கு உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. கழுவிய கையோடு அன்றைக்கே அடித்துத் தருகிறோம் என்றால் ஈரத்தின் மேல் மூடி போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் துணியே காயாது, கிரவுட் எங்கே காயும்? தை பிறந்த பிறகு செய்வது உசிதம். இரண்டு மூன்று வருஷத்தில் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சீலர் தேவையா என்று பார்க்க இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் போதும். கறுத்து உள்ளே போனால் தேவை. முத்தாக நின்றால் வேண்டாம்.

எங்கள் கீழ் பாத்ரூமுக்கு எபாக்சி. இதில்தான் அதிகம் அலைந்தேன். எபாக்சி சிமெண்ட் இல்லை. ரெசின், ஹார்டனர், பொடி மூன்றையும் கலந்து அடைப்பது. தண்ணி குடிக்காது, வீட்டில் புழங்கும் லேசான அமிலம் அரிக்காது. சுண்ணாம்பு அதன் மேலும் படியும், அதில் ஏமாற வேண்டாம். ஆனால் மேலேயே நிற்கும், துடைத்தால் போகும். பழைய கிரவுட்டின் மேலேயே பூசிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், செலவு பாதி என்று. சில மாசத்தில் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுக்க வேண்டும். அதைக் கிரைண்டரில் செய்தால் கை கொஞ்சம் பிசகினாலும் டைல்ஸ் ஓரம் பல் பல்லாகச் சில்லு தெறிக்கும். எங்கள் டைல்ஸ் அண்ணன் அதிரும் பிளேடு உள்ள சின்னக் கருவியால் ஒரு நாள் முழுக்கச் சுரண்டினார். மறுநாள் அடைப்பு. கலந்த எபாக்சி நம் ஊர் வெயிலில் டப்பாவில் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அடைத்த உடனே டைல்ஸ் மேல் வழிந்ததை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே போனார். இந்தத் துடைப்பில் சோம்பல்பட்டால் டைல்ஸ் மேல் எண்ணெய் படலம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அது பிறகு லேசில் போகாது. எபாக்சி வேலைக்கு ஆள் பிடிக்கும்போது அவர் முன்பு செய்த ஒரு பாத்ரூமைப் போய்ப் பாருங்கள், விலையைப் பிறகு பேசலாம். அடைத்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணி படக் கூடாது. நாங்கள் நாலு பேரும் எதிர் வீட்டு மாமி தயவில் குளித்தோம்.

இன்னொன்று. வெயில் நேரே அடிக்கும் பால்கனி, மொட்டை மாடிக்கு வெள்ளை எபாக்சி வேண்டாம், மஞ்சளாகிவிடும்.

இடையில் சாஃப்ட்னர், அதாவது தண்ணியின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி, விற்கும் தம்பி ஒருவர் வந்தார். 38,000 ரூபாய். டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணியில் முக்கி எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினார். அந்த மீட்டர் தண்ணியில் கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்கிறதே ஒழிய, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. அவர் விற்கும் கருவி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். மீட்டரில் எண் அப்படியேதான் இருக்கும். கடினத்தன்மைக்குச் சொட்டு மருந்து போல் விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கிட் தனியாக இருக்கிறது. சாஃப்ட்னர் பொய் என்று சொல்ல வரவில்லை. ஹீட்டர், வாஷிங் மெஷின், தலைமுடி எல்லாவற்றுக்கும் சேர்த்து யோசிப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. மாசா மாசம் உப்பு மூட்டை வாங்கிப் போடும் பொறுமையும் வேண்டும். ஆனால் தேவனாம்பட்டினம் பக்கம் மாதிரி கடலோரத்தில் போர் தண்ணி நாக்கிலேயே கரிக்கிறது என்றால், அது கடல் உப்பு. அதைச் சாஃப்ட்னர் எடுக்காது. டைல்ஸுக்காக மட்டும் 38,000 என்பது எனக்கு ஒப்பவில்லை. தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் காசுக்குப் பதிலாக பாத்ரூமுக்கு ஒன்றாக 150 ரூபாய் வைப்பர் வாங்கி மூன்று பாத்ரூமிலும் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினேன். கடைசியாகக் குளிப்பவர் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த ஒரு லிட்டர் தங்கினால்தானே அரை கிராம்? வீட்டுக்காரர் முதல் வாரம் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது. பையன் இன்னும் பழகவில்லை.

கழிவறை ஒட்டிய நடு பாத்ரூமில் கிரவுட் பாதி நன்றாக இருந்தது. அங்கே ஊக்குக்கு உதிர்ந்த ஓரத்தை மட்டும் எபாக்சியில் அடைத்து, மீதியை நானே சிட்ரிக் போட்டுத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனது, இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த முறை அக்காவுக்கு வந்த பையன்களையே கூப்பிடுவேன்.

மேல் மாடி பாத்ரூமை மட்டும் தொடவில்லை. 2009-இல் கட்டும்போது கொத்தனார் டைல்ஸை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டிப் பதித்து, இடுக்கில் ஒயிட் சிமெண்டைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் கூட இடைவெளி கிடையாது. "இதுல எபாக்சி எறங்காதும்மா. கிரைண்டர் வெச்சு அகலப்படுத்தினா ஓரம் பூரா பேந்துடும்" என்று அண்ணனே கையை விரித்துவிட்டார். பெயர்த்துப் புதுசு போட்டால்தான் உண்டு. அங்கே மாசத்துக்கு இரண்டு தடவை ஊரிலிருந்து யாராவது வந்தால் குளிப்பார்கள். ஊக்கைத் திரும்பத் தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.